தில்லானா மோகனாம்பாளும் மலையக வாசகரும்

ஒரு நாவலை எழுதி முடிப்பவர் ஆசிரியர்; அதனை வாழவைப்பவர் வாசகர். திறனாய்வு நூல்களில் இடம்பெறாத கதைகள் பல, வாசகர் நாவில் தலைமுறை கடந்து நிலைத்திருக்கின்றன. அவ்வாறு நிலைத்த கதைகளுள் ஒன்று கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’. ‘கலைமணி’ என்னும் புனைபெயரில், கோபுலுவின் சித்திரங்களுடன், 1957-58ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்நாவல், ஆடற்கலையில் வல்ல ஒரு பெண்ணின் காதலையும் அவளைச் சூழ்ந்த இடர்களையும் கூறுவது. காதற்சுவையும் ‘அடுத்து என்ன நேருமோ’ என்னும் திகைப்பும் ஒன்றோடொன்று பின்னிய கதை இது.

மலையகத்திற்கு இக்கதை புதியதன்று. தொடர் வெளிவந்த நாளில் தமிழக வார இதழ்கள் கடல் கடந்து கொழும்புக்கும், அங்கிருந்து மலைநாட்டு நகரங்களுக்கும் வந்தன. அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒருவர் வாங்கிய இதழ், தோட்டத்தில் பல கைகள் மாறிய பின்னரே ஓய்வு பெறும். எழுத்தறியாதார்க்கு எழுத்தறிந்தார் உரக்கப் படித்துக் காட்டுவதும் உண்டு. 1968ஆம் ஆண்டில் ஏ. பி. நாகராஜன் இக்கதையைத் திரைப்படமாக்கினார். சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த அப்படம், கதையைப் படியாதவரிடத்தும் கொண்டு சென்றது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழக இதழ்களின் வரவு குன்றியபோதும், கதை மறக்கப்படவில்லை. ஆகவே இக்கதையைப் பற்றிப் பேசுவோர் தொடராகப் படித்தோர், நூலாகப் படித்தோர், படத்தை மட்டும் கண்டோர் என மூவகையினராவர்.

இம்மூவகையினரின் கருத்துகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முரண்பாட்டின் வேர் ஒரே வினாவில் உள்ளது. மோகனாவுக்கு நேர்ந்த இடர் யாது? அவ்வினாவுக்கு ஒருவர் தரும் விடையே, நாவலைப் பற்றி அவர் கூறும் தீர்ப்பையும் முடிவு செய்துவிடுகிறது. வாசகரிடையே வழங்கும் கருத்துகளை வகைப்படுத்தி, அவற்றின் வன்மை மென்மைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் அதன் காலமும்

திருவாரூர் மோகனாம்பாள் சதிராடும் மரபிற் பிறந்தவள். சிக்கல் சண்முகசுந்தரம் நாதசுரக் கலைஞன். ஒருவர் கலையை மற்றவர் வெல்ல எண்ணும் போட்டி மெல்ல மெல்லக் காதலாகக் கனிகிறது. மோகனாவின் தாய் வடிவாம்பாளோ, செல்வர் ஒருவரின் ஆதரவே மகளின் எதிர்காலத்திற்கு உறுதி என்று நம்புகிறாள். சவடால் வைத்தி என்பவன் சிங்கபுரம் மைனருக்கும், பின்னர் மதன்பூர் மகாராஜாவுக்கும் மோகனாவை இணங்குவிக்கச் சூழ்ச்சி செய்கிறான். சூழ்ச்சியும் பகையும் ஐயமும் மாறி மாறி வந்து காதலரைப் பிரிக்கின்றன. இறுதியில் இருவரும் மணம் புரிகின்றனர்.

கதை நிகழும் காலம் ஜமீன்களும் சமஸ்தானங்களும் கலைஞரைப் பேணிய காலம். கதை எழுதப்பெற்ற காலமோ அவை மறைந்த காலம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடுநாள் முயற்சியின் பயனாகத் தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்துச் சுப்பு எழுதத் தொடங்கியபோது, சதிர் என வழங்கிய ஆடல் பரதநாட்டியம் என்னும் பெயரோடு நல்ல குடும்பத்துப் பெண்களின் கலையாக மேடை ஏறியிருந்தது. எனவே வாசகர் வியந்து நோக்கிய உலகம் அப்பொழுதே பழங்கதையாகிவிட்டிருந்தது. மறைந்த உலகத்தைப் பாடும் ஏக்கம் இந்நாவலுக்கு இனிமை தருகிறது. அவ்வுலகின் கொடுமைகளை மென்மையாக்கும் ஆபத்தும் அவ்வினிமையிலேயே அடங்கியுள்ளது.

பிறிதொரு குறிப்பும் இன்றியமையாதது. தமிழகக் கோயில் மரபில் நாதசுரக் குழுவினைப் பெரிய மேளம் என்றும், ஆடற்குழுவினைச் சின்ன மேளம் என்றும் வழங்குவர். இரண்டும் பெரும்பாலும் ஒரே இசைக் குலத்தாரின் கலைகள். ஆண் வாசித்தது பெரியது; பெண் ஆடியது சின்னது. சண்முகசுந்தரம் மோகனாவை முதலில் அலட்சியமாக நோக்குவது அவன் தனிக்குணம் மட்டுமன்று. அப்பெயர்களிலேயே உறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வின் வெளிப்பாடும் ஆகும்.

பொழுதுபோக்கு என்பார்

முதற்சாரார், இது வெறும் பொழுதுபோக்குக் கதை என்பர். மோகனாவுக்கு உண்மையில் இடர் எதுவும் இல்லை. வாரந்தோறும் ஓர் இடர் வரும், அடுத்த வாரம் அது விலகும், வாசகர் அடுத்த இதழை வாங்குவார், அவ்வளவே என்பது இவர்கள் வாதம். பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்த பின்னர், நாவலைச் சமூக அடிப்படையில் நோக்கும் முறை ஈழத்து மாணவரிடையே வேரூன்றிற்று. அம்முறையிற் பயின்றோருள் பலர் வார இதழ்த் தொடர்களைப் பொதுவாகவே ஒதுக்கிவிட்டனர்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தொடர்கதையின் அமைப்பு ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வோர் இயலின் முடிவிலும் ஒரு முடிச்சு வேண்டும். மைனர் ஒருவர் விலகினால் மகாராஜா ஒருவர் வந்தாக வேண்டும். ஒரே வகை இடர் பன்முறை வரும்போது, பெண்ணின் துன்பமே வாசகருக்குப் பழகிப்போன சுவையாக மாறிவிடுகிறது. இது இந்நாவலின் குறையே.

ஆயினும் தொடராக வந்தமையால் மட்டும் ஒரு கதை தரங்குன்றிவிடாது. வில்கி கொலின்சின் ‘தி வுமன் இன் வைட்’ 1859-60இல் வார இதழ்த் தொடராகவே வெளிவந்தது. செல்வத்திற்காக ஒரு பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் பறிக்கும் சூழ்ச்சியைக் கூறும் அக்கதை, திகைப்பூட்டும் நாவல்களுக்கு முன்மாதிரியாக இன்றும் போற்றப்பெறுகிறது. திகைப்பு என்பது ஒரு கருவி. அக்கருவி வாசகரின் கண்களை எதன்மேல் திருப்புகிறது என்பதே ஆராய்தற்குரியது.

கற்பின் கதை என்பார்

இரண்டாம் சாரார் மூத்த வாசகருள் மிகுதியாகக் காணப்படுவர். செல்வமும் அதிகாரமும் வலிய வந்து அழைத்தபோதும் ஒருவனையே நினைந்து வாழ்ந்த பெண்ணின் வரலாறு இது என்பது அவர்கள் கருத்து. மோகனாவைச் சீதையோடு ஒப்பிட்டுப் போற்றுவாரும் உளர். இவர்களுக்கு மோகனாவின் இடர் கற்புக்கு வந்த இடர். அவள் வெற்றி கற்பின் வெற்றி.

இக்கருத்து மோகனாவுக்கு உயர்வு தருவது போலத் தோன்றினும், அவளை ஒரே அளவுகோலால் அளந்துவிடுகிறது. அவள் ஆடற்கலையில் முதிர்ந்தவள். கலையை உழைத்துப் பெற்றவள். தில்லானா என்பது சதிர்க் கச்சேரியின் இறுதியில் வரும் விரைந்த ஆடல். வர்ணம், பதம் முதலிய பலவற்றையும் ஆடிக் களைத்த உடல், களைப்பைக் காட்டாது தாளத்தின் நுட்பம் அனைத்தையும் வெளிப்படுத்த வேண்டிய இடம் அது. கற்பின் சிறப்பே கதையின் கருத்தென்றால், ஆசிரியர் அவள் பெயருக்கு முன் அந்த ஆடலின் பெயரைச் சூட்டியிருக்க வேண்டியதில்லை.

மேலும், இவ்வாசகர் சண்முகசுந்தரத்தின் ஐயத்தை இயல்பானது என்று ஏற்றுக்கொள்கின்றனர். அவன் மோகனாவைப் பல இடங்களில் ஐயுறுகிறான். மதன்பூரில் அவ்வையம் உச்சம் பெறுகிறது. வைத்தி விரித்த வலையில் அவள் சிக்கித் தவிக்கும் அதே வேளையில், அவளைக் காக்க வேண்டியவன் அவளைக் குற்றவாளியாக நோக்குகிறான். பகைவர் தரும் துன்பத்தைத் தாங்கும் அவளால் காதலன் தரும் துன்பத்தைத் தாங்க முடியவில்லை. காதலனும் இடரின் ஒரு பகுதியே என்பதை இச்சாரார் காண மறுக்கின்றனர்.

குலத்தின் கதை என்பார்

மூன்றாம் சாரார் சீர்திருத்த நோக்கினர். தேவதாசி முறையின் கொடுமையை இந்நாவல் அழகுபடுத்தி மறைக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பழி முழுவதும் வடிவாம்பாள் மேல் விழுகிறது. பொருள் கொடுத்துப் பெண்ணைக் கொள்ள எண்ணிய செல்வர்களோ மனம் மாறிய பெருமக்களாக விடைபெறுகின்றனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை இவர்கள் எடுத்துக்காட்டுவர். அம்மரபிலேயே வாழ்ந்து வெளியேறிய ஒருவர், அதனை ஒழிக்கும் நோக்கோடு எழுதியது அந்நூல். அதன் கடுமைக்கு முன் சுப்புவின் நாவல் மென்மையானதே.

இக்குற்றச்சாட்டைப் புறந்தள்ளுதல் இயலாது. எனினும் ஒன்று கூற வேண்டும். வடிவாம்பாள் பேராசைக்காரி மட்டும் அல்லள். ஆடும் பெண்ணுக்கு இளமை உள்ளவரையே வருவாய் உண்டு என்பதையும், நிலமோ பட்டமோ தன் குடும்பத்தைக் காவாது என்பதையும் தன் வாழ்க்கையில் கற்றவள் அவள். மகளை விற்க எண்ணுகிறாள் என்று வாசகர் கருதும் இடத்தில், மகளுக்குக் கூரை தேடுகிறேன் என்றே அவள் கருதுகிறாள். கொடிய முறை ஒன்று நீடித்து நிற்பது கொடியவரால் மட்டும் அன்று. அச்சத்தால் அதற்குத் துணைபோகும் அன்புடையாராலும் அது நிற்கிறது. வடிவாம்பாளின் பாத்திரம் இதனை நன்கு உணர்த்துகிறது.

இடரின் நெடுமரபு

கலைத்தொழிலிற் பிறந்த பெண் இடருக்கு உள்ளாகும் கதை தமிழுக்குத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னைப் பரிசாகப் பெறுகிறாள். பின்னர் அவ்வளவு பொன் பெறும் மாலையை ஒரு கூனி நகர நம்பியர் திரியும் வீதியில் நின்று விலை கூறுகிறாள். மாலையை வாங்கியவன் மாதவியின் மனைக்கு உரியவனாகிறான். அரங்கில் மாதவியின் கலைக்கு மதிப்பு. வீதியில் மாதவிக்கே விலை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவள் அந்தக் கூனி.

மணிமேகலையில் இவ்விடர் முழு வடிவம் பெறுகிறது. மாதவியின் மகள் துறவு நெறியை நாடுகிறாள். அவள் பாட்டி சித்திராபதியோ குலத்தொழிலுக்கு அவளை மீட்க எண்ணி, இளவரசன் உதயகுமரனைத் தூண்டுகிறாள். மணிமேகலை காயசண்டிகையின் உருவம் கொண்டு தப்புகிறாள். அவ்வுருவமே இளவரசனின் சாவுக்குக் காரணமாகிறது. துரத்தும் அரசகுமரன், தூண்டும் மூதாட்டி, மாற்றுருவம், எதிர்பாராக் கொலை என்னும் இவை யாவும் இன்றைய திகைப்பு நாவலின் உறுப்புகளே. மதன்பூர் மகாராஜாவும் வடிவாம்பாளும் இம்மரபின் வழிவந்தவர்கள்.

பிற்காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ இவ்விடரை இல்லத்துக்குள் கொண்டுவந்தது. கணவன் வீட்டாரின் சூழ்ச்சியால் பிறனொருவனுக்கு விற்கப்படும் மனைவியின் கதை அது. 1935இல் திரைப்படமாகவும் வந்தது. மேலைநாட்டில் ஜார்ஜ் டு மோரியேயின் ‘டிரில்பி’ 1894இல் வெளிவந்தது. ஸ்வெங்காலி என்பவன் தன் மனவசிய ஆற்றலால் டிரில்பியைப் பெரும் பாடகியாக்குகிறான். அவன் மறைந்ததும் அவள் இசையும் மறைகிறது. மோகனாவை டிரில்பியோடு ஒப்பிட்டால் சுப்புவின் தனித்தன்மை புலனாகும். டிரில்பியின் கலை அவளுடையதன்று, ஆட்டுவிப்பவனுடையது. மோகனாவின் கலை அவளுக்கே உரியது. அதனை எவராலும் கவர இயலாது. ஆதலின் அதற்கு உரியவளையே கவர முனைகின்றனர்.

வைத்தியை விரும்புவார்

நான்காம் சாரார் மிகப் பெருந்தொகையினர். இவர்களுக்கு நாவலின் உயிர் வைத்தியே. திரைப்படத்தில் நாகேஷ் அப்பாத்திரத்தை ஏற்று நடித்த திறம் இக்கருத்துக்குப் பெரிதும் காரணம். அவன் நடை, பேச்சு, பணிவு, நழுவல் ஆகியவற்றைக் கண்டு சிரித்தவர்கள், பின்னர் நூலைப் படிக்கும்போதும் நாகேஷின் குரலையே கேட்கின்றனர். வைத்தி நகைச்சுவைப் பாத்திரம்; அவனால் பெருந்தீங்கு நேராது என்பது இவர்கள் முடிவு.

நாவலைக் கூர்ந்து நோக்குவார்க்கு இம்முடிவு பொருந்தாது. மைனரோ மகாராஜாவோ தாமாக மோகனாவை அணுகும் வழி அறியாதவர்கள். வழி அறிந்தவன் வைத்தி. செல்வரிடம் சென்று அவள் இணங்குவாள் என்கிறான். தாயிடம் சென்று செல்வர் வாழ்வளிப்பார் என்கிறான். இரு பக்கமும் நம்பிக்கையை விற்று, இரு பக்கமும் பொருள் பெறுகிறான். இவ்வளவும் நிகழும்போது மோகனாவின் இசைவை எவரும் கேட்பதில்லை. அவள் இசைவைத் தானே வைத்திருப்பது போலப் பேசி, அதனைப் பிறர்க்குக் கைமாற்றுகிறான் வைத்தி. இதுவே மோகனாவுக்கு நேர்ந்த உண்மையான இடர். அவள் கற்புக்கு வந்த இடர் இதன் விளைவு. அவள் காதலுக்கு வந்த இடரும் இதன் விளைவே.

சுப்பு இவ்வகை மனிதனை முதன்முறையாகப் படைத்தது இந்நாவலில் அன்று. 1947இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ‘மிஸ் மாலினி’ திரைப்படத்தின் கதை ஆர். கே. நாராயணுடையது, இயக்கியவர் சுப்பு. வறிய நிலையிலிருந்து நாடக நடிகையாக உயரும் மாலினியை, சம்பத் என்னும் இனிய பேச்சுக்காரன் சொந்தப் படநிறுவனம் என்ற ஆசை காட்டிக் கடனில் ஆழ்த்துகிறான். மாலினியாகப் புஷ்பவல்லி நடிக்க, சம்பத்தாக நடித்தவர் சுப்புவே. இனிமையாகப் பேசிப் பிறர் உழைப்பில் வாழும் ஒருவனின் தோலுக்குள் புகுந்து பார்த்தவர், பத்தாண்டுக்குப் பின் வைத்தியை எழுதினார். ஆகவே வைத்தியின் சிரிப்பு வெறும் சிரிப்பன்று. சிரிக்க வைப்பவனுக்கே கதவு திறக்கும் என்பதை ஆசிரியர் நன்கறிந்திருந்தார்.

மலையக வாசகரின் அறிவு

இங்கேதான் மலையக வாசகருக்கு ஒரு தனித்தகுதி உண்டு. வைத்தியைப் போன்ற இடையாளை இச்சமூகம் தன் தோற்றத்திலேயே அறிந்தது. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் கட்டச் சென்ற கங்காணிமார், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மூதாதையர் வழியே வழங்கும் கதையை அறியாதார் இலர். முற்பணம் கொடுக்கப்பட்டது, அது கடனாக வளர்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவல் 1964இல் வெளிவந்தபோது, அதன் தலைப்பே இவ்வரலாறு முழுவதையும் இரு சொல்லில் கூறிவிட்டது.

‘துண்டு’ என்னும் முறை இதனினும் தெளிவான சான்று. தொழிலாளி ஒருவரின் கடன் தொகையைச் செலுத்தினால் அவரை விடுவிக்க இசைவு உண்டு என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டு வேறு தோட்டம் அவரை ஏற்றுக்கொண்டது. கைமாறியது கடன், உடன்சென்றது மனித உடல். 1921இல் சட்டத்தால் இம்முறை ஒழிக்கப்பட்டது. மாதவியின் மாலைக்கும் இத்துண்டுக்கும் வேறுபாடு பெரிதன்று. இரண்டிலும் ஒரு பொருளை வாங்குவதாகத் தோற்றம். உண்மையில் ஓர் ஆளைப் பெறுதல்.

இவ்வொப்புமையை அளவுகடந்து நீட்டுதல் கூடாது. கங்காணி தான் அழைத்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஊராராகவும் உறவினராகவும் இருந்தார். அவர்கள் நல்லது கெட்டதில் நின்றார். வைத்திக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை. ஆயினும் இவ்வேறுபாடே மற்றோர் உண்மையைத் தெளிவாக்குகிறது. இடையாள் எப்பொழுதும் பகைவனாக வருவதில்லை. நலம் நாடுபவனாகவே வருகிறான். வடிவாம்பாள் வைத்தியை நம்புவது அறியாமையால் மட்டும் அன்று. அவனன்றி வெளியுலகுக்குச் செல்லும் கதவு வேறில்லை என்னும் நிலையாலும் ஆகும். மலையக மூதாதையரின் நம்பிக்கையும் இத்தகையதே.

வைத்தியைக் கண்டு மலையக வாசகரும் சிரித்திருக்கின்றனர். சிரிப்பதில் தவறில்லை. சிரித்தபின் அவனை அடையாளம் காணாதிருப்பதே குறை. வெளிநாட்டில் வீட்டுவேலைக்கு என்று பெண்களை அழைத்துச் செல்ல ஊர்தோறும் வரும் உபமுகவர், மேலும் கீழும் இனிமையாகப் பேசி, ஒரு குடும்பத்தின் கடனை அறிந்து, முற்பணத்தை முன்வைத்துப் பேரம் பேசுகிறார். அப்பெண்ணின் இசைவு இறுதியில் கேட்கப்படுகிறது. சிலபோது கேட்கப்படுவதே இல்லை. வைத்தியின் வேடம் மாறியிருக்கிறது, தொழில் மாறவில்லை.

ரமாமணியும் மோகனாவும்

நான்கு சாராரும் ஒருங்கே மறந்துவிட்ட ஒருத்தி இக்கதையில் உண்டு. அவள் ஜில் ஜில் ரமாமணி. இந்நாவலில் நாடக நடிகை என்று கூறத்தக்கவள் அவளே. திரைப்படத்தில் மனோரமா ஏற்று நடித்த அப்பாத்திரம் மோகனாவுக்கு அடுத்தபடி வாசகர் நெஞ்சில் நிற்பது. கள்ளமற்ற பேச்சும், கலைஞனைக் கண்டால் உருகும் உள்ளமும், கேளாது உதவும் குணமும் உடையவள் ரமாமணி. மோகனாவுக்கு இடர் வரும்போது நடுங்கும் வாசகர், ரமாமணிக்காக ஒருநாளும் நடுங்குவதில்லை.

காரணம் யாது? மோகனா காக்கத்தக்கவள் என்று கதை தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. நாடகக்காரியான ரமாமணியையோ, காக்க இனி எதுவும் இல்லை என்பது போல உலகம் நோக்குகிறது. ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவின் பெண்ணுக்கு மைனர்களும் வைத்திகளும் குறைவாகவா இருந்திருப்பர்? அதனைக் கதை கூறவில்லை; வாசகரும் கேட்கவில்லை. பெண்ணின் இடரை அவள் கற்பால் மட்டும் அளக்கும் வாசகர், அவ்வளவுகோலுக்கு அப்பால் நிற்கும் பெண்ணின் இடரைக் காணும் கண்ணையே இழந்துவிடுகிறார்.

மலையகக் கலைமரபிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில் ரதியின் வேடத்தை ஆண்களே புனைவது மரபு. கணவனை இழந்து அரற்றும் ரதிக்காகக் கண்ணீர் விடும் சமூகம், அவ்வேடத்தை ஒரு பெண்ணுக்கு நெடுங்காலம் அளித்ததில்லை. கொழுந்து பறிக்கும் மலையில் முழுநாளும் வெளியில் உழைக்கத் தகுந்த பெண், ஆடுகளத்தில் தோன்றத் தகாதவள் என்று கருதப்பெற்றாள். மேடையேறும் பெண்ணுக்கு இடர் நேரும் என்னும் அச்சம் அவளைக் காக்கவில்லை. மேடையைத்தான் அவளிடமிருந்து காத்தது. பாடவும் ஆடவும் நடிக்கவும் வல்ல மாணவியர் இன்று கல்லூரி அரங்குகளில் தோன்றுகின்றனர். அவர்களைப் பற்றிப் பெற்றோரும் ஊராரும் கூறும் சொற்களில் அப்பழைய அச்சத்தின் எச்சம் இன்னும் ஒலிக்கிறது.

மதிப்பீடு

இதுகாறும் கூறியவற்றால் நாவலின் நிறைகுறைகள் புலப்படும். இடர்களை அடுக்கடுக்காக நிகழ்த்துதல் இதன் குறை. செல்வர்களை எளிதில் மன்னித்துவிடுதல் இதனினும் பெரிய குறை. திருமணத்தோடு திரைப்படம் நிறைவுறுகிறது. மணந்தபின் மோகனா ஆடினாளா என்னும் வினாவுக்கு அங்கு விடையில்லை. தில்லானாவின் பெயரால் அறியப்பட்டவளின் கதைக்கு அவ்வினா இன்றியமையாதது. சின்ன மேளமும் பெரிய மேளமும் ஒரே மேடையில் நிகராக நின்றனவா என்பதை அறிய விரும்பும் வாசகர் ஏமாற்றமே அடைவார்.

நிறைகள் அவற்றினும் மிக்கன. கலைஞரின் பேச்சும் பழக்கமும் போட்டியும் பெருமிதமும் உயிரோடு உலவும் நாவல் இது. உயர்ந்தோரை அன்றி, உயர்ந்தோர் வாயிலில் நிற்போரையும் கூர்ந்து கண்டவர் சுப்பு. கோவலனையும் மாதவியையும் அறிந்தோர் அந்தக் கூனியை மறந்துவிடலாம். வைத்தியை மறப்பார் இலர். ஆயிரத்தெட்டுக் கழஞ்சின் மாலையைக் கையிலேந்திய இடையாளுக்கு முகமும் குரலும் வரலாறும் கொடுத்ததே இந்நாவல் தமிழுக்குச் செய்த தொண்டு.

பொழுதுபோக்கு என்பாரும், கற்பின் கதை என்பாரும், குலத்தின் கதை என்பாரும், வைத்தியை விரும்புவாரும் ஒவ்வொரு பகுதியைக் கண்டவர்களே. அப்பகுதிகளை ஒன்றாக்கிக் காணும்போது விளங்குவது ஒன்று. மோகனாவின் இடர் அவள் ஆடியதால் வந்ததன்று. அவள் காதலித்ததால் வந்ததும் அன்று. அவளைக் கேளாமலே அவளுக்காகப் பேச ஒருவன் முன்வந்ததும், அதனை அனைவரும் இயல்பு என்று ஏற்றதுமே அவ்விடரின் தோற்றுவாய். மேடையில் ஒரு பெண் ஏறும்போது அவளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவதினும், அவள் சார்பில் பேசுகிறவர் யார், எவருடைய இசைவோடு பேசுகிறார் என்று கேட்டறிவதே அறிவுடைமை. வாங்குவோரும் விற்போரும் தன் பெயரைச் சொல்லிப் பேரம் பேசிய ஒரு நிலத்திலிருந்து எழுந்த சமூகத்தின் வாசகர், இக்கேள்வியைப் பிறரினும் முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும். தில்லானா மோகனாம்பாளை மறுமுறை படிப்பார், சிரிப்புக்கு இடையே அக்கேள்வியையும் கேட்டுக்கொண்டு படிப்பாராயின், அந்நாவலின் முழுப்பயனையும் பெறுவர்.